இரண்டுமே சிவப்பு ஒயர்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குள் ஒரு கையெழுத்து வேண்டும். இந்த வாரம் முழுக்கச் சந்திரகலாவின் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் அவள் வேலை பார்க்கும் ரேடியோ பேக்டரியிலிருந்து ஒரே ஒருத்தியை ஜப்பானுக்கு ஆறு மாதப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். இருநூறு பெண்களில் அந்த ஒருத்தி அவள். திரும்பி வந்தால் டெக்னீஷியன். ஆனால் கல்யாணமாகாத பெண் என்பதால், தாயோ தகப்பனோ சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும்.

அப்பா ரெங்கசாமி அந்தப் படிவத்தைக் கண்ணாடிகூடப் போடாமல் பார்த்தார். "சனிக்கிழமை பையன் வீட்டுக்காரங்க வந்துட்டுப் போகட்டும். அப்புறம் பாக்கலாம்" என்று மடித்து அலமாரிக்கு மேலே போட்டுவிட்டார்.

இது போதாதென்று வியாழக்கிழமை இன்னொரு செய்தி. பையன் வீட்டாரிடம் தரகு வள்ளியம்மா பெண்ணைப் பற்றி என்ன சொல்லியிருக்கிறாள் தெரியுமா? ஆபீஸ் கிளார்க் என்று. அப்படிச் சொல்லச் சொன்னதே அப்பாதான் என்று அம்மா நல்லம்மாள், கீரை ஆய்ந்துகொண்டே, வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

இன்று அந்தச் சனிக்கிழமை. பெண் பார்க்க நாலு மணிக்கு வருகிறார்கள். வீட்டில் யாருமே பெண்ணைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் கூடத்தில் இறங்கியிருந்த ஸ்டீரியோ செட்டின் மேல்தான் இருந்தது.

அண்ணன் ஜெயராஜ் காலை பத்து மணிக்கு அதைக் கம்பெனி லோரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். அவன் முதலாளி புதிது வாங்கிவிட்டாராம், பழையதை இவன் தலையில் கட்டிவிட்டார். முகம் நிறைய வெள்ளிக் குமிழ்களும் நடுவில் கேசட் போடும் இடமும் வைத்த ரிசீவர் ஒன்று, இடுப்பளவு உயரத்தில் ஸ்பீக்கர் இரண்டு. ஒயர் கிடையாது. எதை எதில் மாட்டுவது என்று சொல்லும் புத்தகமும் கிடையாது.

"பிரிக்பீல்ட்ஸ்ல பையன் வீட்ல பெரிய செட்டு இருக்காம். வள்ளியம்மா சொன்னா" என்றார் ரெங்கசாமி. "நாமளும் ஒண்ணும் இல்லாதவங்க இல்லன்னு தெரியணும்ல? நாலு மணிக்கு அவங்க வந்து உக்காரும்போது இது பாடணும்."

"நான் மாட்டித் தரேம்பா. பத்து நிமிஷ வேலை" என்றாள் சந்திரகலா.

"நீ போய்த் தலை குளி."

"குளிச்சிட்டேன்."

"அப்ப போய்க் காய வை."

சந்திரகலா பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனாள். ஏழு வருடமாக ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான ஸ்பீக்கரைக் கையால் தொட்டு, காதால் கேட்டு, நல்லது கெட்டது சொல்லி அனுப்புகிறவள். அந்தக் கையை இன்று ஒளித்து வைக்கவேண்டும். ஒயர் பற்றவைக்கும் ஈயம் தெறித்துக் கட்டை விரலில் விழுந்த தழும்புகள் தெரியக்கூடாது என்று அம்மா நேற்றிரவே விரல் விரலாக மருதாணியை அப்பியிருந்தாள்.

பதினோரு மணிக்கு ஜெயராஜ் சீனன் கடையிலிருந்து ஒயர் வாங்கி வந்தான். ஒட்டிப் பிறந்த இரட்டை ஒயர். ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு.

அதை அவன் சாமி ரூம் நிலைக்கு மேலே பிடித்துப் பார்த்த நேரம் பார்த்து நல்லம்மாள் வெளியே வந்தாள். அவ்வளவுதான்.

"டேய், டேய்! என்னடா அது? நல்ல காரியம் பேச வர்ற வீட்ல, சாமி ரூம் வாசலுக்கு மேல கறுப்பா எதையோ இழுத்துக் கட்டுற?"

"ஒயரும்மா."

"எதுவா இருந்தா என்ன? கறுப்பு கறுப்புதானே. எடு அதை."

சந்திரகலா துண்டு கட்டிய தலையோடு சமையலறை வாசலுக்கு ஓடி வந்தாள். "அம்மா, அது அழகுக்குப் போட்ட கலர் இல்லம்மா. எது பிளஸ், எது மைனஸ்னு தெரியறதுக்காகப் போட்டது."

"பிளஸ்ஸோ மைனஸ்ஸோ, இன்னிக்கு ஒரு நாள் வேணாம்."

"ஒரு நாளைக்கு மட்டும் எப்படிம்மா..."

"உன் நல்லதுக்குத்தான்டி சொல்றேன்!"

இந்த வீட்டில் எல்லாமே அவள் நல்லதுக்குத்தான் நடக்கும். அதில் அவளைத் தவிர எல்லாருக்கும் பேச்சு உண்டு.

ஜெயராஜ் தலையைச் சொறிந்தான். தங்கைக்கு முடிந்தால்தான் தன் கல்யாணப் பேச்சு வீட்டில் எழும் என்பதால், இன்றைக்கு அம்மா எள் என்றால் எண்ணெயாக நிற்கிற நிலையில் இருந்தான். கடைசியில் அவனுக்கு ஒரு யோசனை வந்தது. கடைக்கு மறுபடியும் போய் இன்னொரு சுருள் வாங்கி வந்தான். இரண்டையும் நீளவாக்கில் கிழித்துக் கறுப்பை எல்லாம் தனியே எடுத்துக் குப்பையில் போட்டான். சிவப்போடு சிவப்பைச் சேர்த்து முறுக்கினான்.

"இப்ப சரியாம்மா? ரெண்டுமே சிவப்பு. மங்களகரம்."

நல்லம்மாளுக்கு முகம் மலர்ந்தது. ரெங்கசாமி, "மூளைக்காரன்டா நீ" என்று மகன் முதுகில் தட்டினார்.

சந்திரகலாவுக்குத் தலையை எங்கே கொண்டுபோய் முட்டுவது என்று தெரியவில்லை.

"அண்ணே, ஒரு ஒயர்லயாவது ரெண்டு முனையிலயும் முடிச்சுப் போட்டு வைங்க. அப்பத்தான் இந்தப் பக்கம் போனது அந்தப் பக்கம் எதுன்னு தெரியும்."

"தெரியும் லா. நான் பாத்துக்கறேன்."

"முடிச்சு முடிச்சா இருந்தா பாக்க நல்லா இருக்காது" என்றார் ரெங்கசாமி. பேச்சு அதோடு முடிந்தது.

ஜெயராஜ் ஒயர் முனைகளைப் பல்லால் கடித்து உரித்தான். ஒரு ஸ்பீக்கரை டிவிக்குப் பக்கத்தில் வைத்தான், இன்னொன்றைச் சாமி ரூம் கதவோரம் வைத்தான். செட்டுக்குப் பின்னாலும் ஸ்பீக்கர்களுக்குப் பின்னாலும் குனிந்து எட்டு முனையையும் கண்டபடி கிளிப்பில் செருகினான். ரெங்கசாமி சாமி கும்பிட்டுவிட்டு சுவிட்சைப் போட்டார்.

விளக்கு எரிந்தது. 'டக்' என்று ஒரு சத்தம். உடனே அணைந்தது.

"ரோசாக்!" என்று ரெங்கசாமி கத்தினார். "கெட்டுப்போன சாமானை உன் முதலாளி தள்ளி விட்டுட்டான். நீயும் பல்லைக் காட்டிட்டுத் தூக்கிட்டு வந்துட்ட."

"நேத்து நல்லாத்தான்பா பாடிச்சு!"

சந்திரகலா திரைச்சீலைக்குப் பின்னால் இருந்தபடியே சொன்னாள். "அண்ணே, பின்னால பாருங்க. நூல் மாதிரி ஒரு கம்பி பிரிஞ்சு வந்து பக்கத்துல இருக்கறதத் தொட்டுக்கிட்டு நிக்கும். செட்டை ஆப் பண்ணுங்க. அதை நல்லா முறுக்கி உள்ள விடுங்க."

ஜெயராஜ் குனிந்து பார்த்தான். இருந்தது. முறுக்கி உள்ளே விட்டான். அதே நேரத்தில் ரெங்கசாமி செட்டின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிந்து நின்றது.

"பாத்தியா?" என்றார் அவர் பெருமையோடு. "தட்ற விதமா தட்டினா எல்லாம் வரும்."

கேசட் ஓட ஆரம்பித்தது. அவர் வெகுநாளாகப் பத்திரப்படுத்தி வைத்திருந்த கச்சேரி. அடுப்பில் கேசரியைக் கிளறிக்கொண்டிருந்த சந்திரகலாவுக்கு நாலு வினாடி போதும். கரண்டி நின்றது.

பாடுகிறவருடைய குரல் நடுக்கூடத்தில் நிற்காமல் எங்கோ சுவருக்குப் பின்னாலிருந்து வந்தது. மிருதங்கத்தின் அடிநாதம் சுத்தமாக இல்லை. தகரத்தில் தட்டுகிற மாதிரி மேல் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு ஸ்பீக்கருக்குப் பிளஸ்ஸும் மைனஸ்ஸும் இடம் மாறிப் போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை.

"அப்பா, ஒண்ணு திருப்பி மாட்டியிருக்கு. நான் வந்து..."

"பாட்டு வருதா, வரலையா?"

"வருது. ஆனா..."

"வருதில்ல? அப்ப போய்ச் சேலையைக் கட்டு. மணி மூணாச்சு."

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் காடி ஒன்று வாசலில் வந்து நின்றது. பையனின் அம்மா தங்கமணியம்மாள் முன்னால் இறங்கினாள். ஒல்லியான உடம்பு, நிமிர்ந்த நடை. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கண்ணை எடுக்காத பெண்மணி. காடி ஓட்டி வந்தவன் பையன் வாசு. கோலாலம்பூரில் ஒரு அரசாங்க இலாகாவில் பிளான் வரைகிற வேலை. இவர்களுக்கு நடுவில் வள்ளியம்மா, இரண்டு வீட்டையும் தானே கட்டியது போன்ற சிரிப்போடு வந்தாள்.

சந்திரகலா தேநீர்த் தட்டோடு வந்து ஒரு பார்வை பார்த்தாள். பார்க்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தும் பார்த்தாள். வாசுவுக்கு நல்ல முகம். அவன் அவளைப் பார்த்த பார்வையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்யாணத்தின் மேல் அவளுக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆறு மாதம் பொறுத்து வரட்டும் என்பதைத் தவிர அவள் வேறெதையும் கேட்கவில்லை.

"பாப்பா எந்த ஆபீஸ்?" என்று தங்கமணியம்மாள் கேட்டாள்.

சந்திரகலா வாயைத் திறப்பதற்குள், "மேருவுல" என்றார் ரெங்கசாமி. "பெரிய ஆபீஸ். அதிருக்கட்டும், தம்பிக்குப் பாட்டுன்னா ரொம்பப் பிரியம்னு கேள்விப்பட்டேன். கொஞ்சம் பாட்டுக் கேளுங்களேன்."

பொத்தானை அமுக்கினார். சுவருக்குப் பின்னாலிருந்து பாட்டு வந்தது.

வாசுவின் நெற்றி லேசாகச் சுருங்கியது. அவன் கண் இடது ஸ்பீக்கருக்கும் வலது ஸ்பீக்கருக்கும் மாறி மாறிப் போனதைச் சந்திரகலா கவனித்தாள். அட, இவருக்கும் கேட்கிறதே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

"பாடறவருக்குத் தொண்டை கட்டிப்போச்சா?" என்றாள் தங்கமணியம்மாள்.

"சவுண்டு பத்தல" என்று ரெங்கசாமி குமிழைத் திருகினார். தகரச் சத்தம் இரண்டு மடங்காகியது. இன்னொரு குமிழைத் திருகினார். காது கூசியது. வள்ளியம்மா சிரிப்பை விடாமலே தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"கேசட்டு பழசு" என்றார். அடுத்து, "லோரியில வந்ததுல ஆட்டம் கண்டிருக்கும்" என்றார். அதற்கும் அடுத்து, "டேய் ஜெயா, உன் முதலாளி இருக்கானே..." என்று தொடங்கி, விருந்தாளிகளைப் பார்த்து மீதியை விழுங்கினார்.

வாசு பாதி எழுந்தான். "அங்கிள், அந்த ஒயரை ஒரு தடவை..."

"நீங்க உக்காருங்க தம்பி. வீட்டுக்கு வந்தவங்க கையில வேலை வாங்குறதா? என் வீட்டுச் சாமான் எனக்குத் தெரியாதா?"

வாசு உட்கார்ந்துவிட்டான்.

ரெங்கசாமிக்கு இப்போது வெறி வந்துவிட்டது. கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருடம் சுமையோடு மல்லுக்கட்டிய மனிதர். ஒரு பெட்டி தன்னை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவதா? மேசை இழுப்பறையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். "உள்ளதான் ஏதோ லூசா இருக்கு" என்று செட்டின் மேல்மூடியைக் கழற்ற ஆரம்பித்தார். இரண்டு திருகாணி கழன்றது. மூடியின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டது. பாட்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிளக் சுவரிலேயே இருந்தது. அவர் அந்த இடுக்கில் ஸ்குரூ டிரைவரை நுழைக்கப் போனார்.

சந்திரகலா தட்டை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு எட்டில் சுவரோரம் போய்ப் பிளக்கைப் பிடுங்கினாள். பாட்டு சட்டென்று நின்றது.

"கையை எடுங்கப்பா!"

அவள் அப்பாவிடம் அப்படிக் கத்தியது அதுதான் முதல் தடவை. அவரும் கையை எடுத்துவிட்டார்.

"கரண்டு இருக்கும்போது உள்ள கை விடுவாங்களா? செத்துப் போயிருப்பீங்க!" அவள் குரல் நடுங்கியது. பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி. காலையிலிருந்து அடக்கி வைத்த ஆத்திரம்.

இனி பின்வாங்கி என்ன ஆகப்போகிறது என்று அவளுக்குத் தோன்றியது. முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"அண்ணே, டார்ச்லைட்டைக் கொண்டாங்க."

ஜெயராஜ் கொண்டு வந்தான். அவள் அதிலிருந்து ஒரு பேட்டரியை உருவினாள். ஸ்பீக்கர்களின் முன்துணியைக் கழற்றி வைத்தாள். செட்டின் பின்னாலிருந்து இடது பக்கத்து ஒயர் இரண்டையும் எடுத்தாள். சிவப்பு கிளிப்பில் இருந்ததைப் பேட்டரியின் தலையிலும் மற்றதை அடியிலும் தொட்டாள்.

"அண்ணே, டிவிக்கிட்ட இருக்கறதப் பாருங்க. நடுவுல உள்ள கூம்பு எந்தப் பக்கம் போவுது?"

'டுப்.'

"வெளிய வருது!"

"சரி. இப்ப சாமி ரூம்கிட்ட உள்ளது."

'டுப்.'

"இது... உள்ள போவுது."

"அதான். ஒண்ணு தள்ளுறப்ப இன்னொண்ணு இழுக்குது. ரெண்டும் சேர்ந்து ஒண்ணுமே இல்லாம ஆயிடுது."

இரண்டாவது ஸ்பீக்கரின் ஒயர்களை இடம் மாற்றினாள். மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். இப்போது அதுவும் வெளியே வந்தது. இனி யாரும் குழம்பக் கூடாது என்று, வரவேற்பு மேசையில் இருந்த சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தொட்டு, பிளஸ் ஒயர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு வைத்தாள். ஒயர்களைக் கிளிப்பில் மாட்டி, மேல்மூடியின் திருகாணிகளை முடுக்கிவிட்டுச் சந்திரகலா பிளக்கைச் செருகினாள்.

பாட்டு வந்தது. இந்த முறை நடுக்கூடத்தில், சாமி ரூமுக்கும் டிவிக்கும் மத்தியில் ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பாடுவது போல வந்தது. மிருதங்கம் தரையில் விழுந்து காலில் ஏறியது. அவளையறியாமல் சந்திரகலா சிரித்துவிட்டாள்.

தங்கமணியம்மாள் பாட்டைக் கேட்கவில்லை. சந்திரகலாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?"

வள்ளியம்மா கண்ணால் ஜாடை காட்டினாள். நல்லம்மாள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அப்பாவின் முகத்தில், ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடு என்ற கெஞ்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. அண்ணன் சொல்லிக்கொடுத்தார் என்று ஒரு வார்த்தை போதும். எல்லாம் சுபமாக முடிந்துவிடும். அதன்பின் ஆயுள் முழுக்க அந்த வீட்டில் ஆபீஸ் கிளார்க்காக வாழலாம்.

"பேக்டரியிலம்மா" என்றாள் சந்திரகலா. "நான் கிளார்க் இல்ல. மேருவுல ரேடியோ பேக்டரியில ஸ்பீக்கர் செக் பண்றேன். ஏழு வருஷமா. ஜப்பானுக்கு ஆறு மாசம் டிரெய்னிங் அனுப்புறாங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும்."

தங்கமணியம்மாள் ரெங்கசாமியின் பக்கம் திரும்பினாள். "கிளார்க்குன்னு சொன்னீங்களே?"

"அது வந்து... உக்காந்து பாக்குற வேலைதாங்க. ஏறக்குறைய ஆபீஸ் மாதிரிதான். ஜப்பானெல்லாம் சும்மா, சின்னப் பிள்ளைங்க ஆசை. போக மாட்டா."

சொல்லிவிட்டார். அவள் கண் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

"பேக்டரி வேலைன்னா நாங்க வர மாட்டோம்னு யாரு சொன்னது உங்களுக்கு?" தங்கமணியம்மாளின் குரல் உயரவில்லை. "தையில முகூர்த்தம் பாக்கணும்னு வந்திருக்கோம். நீங்க வேலையும் மறைச்சிருக்கீங்க, பயணமும் மறைச்சிருக்கீங்க. இன்னும் என்னென்ன இருக்கோ?"

"அம்மா, இதுல அவங்க..." என்று வாசு தொடங்கினான்.

"நீ சும்மா இரு வாசு."

அவன் சும்மா இருந்தான்.

ஒரே மணி நேரத்தில் இரண்டு பேர் அவனை அடக்கிவிட்டார்கள், இரண்டு முறையும் அடங்கிவிட்டான். நல்ல முகம்தான், நல்ல காதுதான். ஆனால் காதில் கேட்டதை வாய்விட்டுச் சொல்ல வேண்டாமா? சந்திரகலாவுக்கு அவன் மேலும் எரிச்சல் வந்தது.

ஐந்து நிமிடத்தில் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். கேசரியில் யாரும் கை வைக்கவில்லை. வள்ளியம்மா மட்டும், "ரெங்கசாமிண்ணே, என் பேரையும் சேத்துக் கெடுத்துட்டீங்களே" என்று புலம்பிக்கொண்டே காடியில் ஏறினாள்.

கேட்டைச் சாத்திவிட்டு வந்ததும் ரெங்கசாமி வெடித்தார்.

"திருப்தியா? வந்த சம்பந்தத்தைத் துரத்திட்ட, திருப்தியா உனக்கு?"

"நானா துரத்தினேன்?"

"பேக்டரிப் பொண்ணுன்னா ஊர்ல என்ன பேசுவாங்கன்னு உனக்குத் தெரியுமா? நைட் ஷிப்டு அது இதுன்னு வாய் கூசாம பேசுவாங்க. அதைக் கேட்டுட்டு நான் வெளிய நடக்கணும். உன்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்."

"ஊரு பேசுறது எனக்குத் தெரியும்பா. ஏழு வருஷமா பஸ் ஸ்டாண்டுல நின்னு கேட்டிருக்கேன். நீங்க என்ன பேசுவீங்கன்னு மட்டும்தான் தெரியாம இருந்துச்சு. இன்னிக்குத் தெரிஞ்சுபோச்சு."

பேச்சில் தோற்றால் எல்லா அப்பாக்களும் செய்வதையே ரெங்கசாமியும் செய்தார்.

"கையெழுத்துப் போட மாட்டேன். ஒரு கல்யாணம் முடிஞ்ச பிறகு எங்க வேணா போ."

சந்திரகலா நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்து படிவத்தை எடுத்தாள். தூசியைத் தட்டினாள். இதை எங்கே கொண்டுபோவது, யாரிடம் கெஞ்சுவது என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டியது. அழக்கூடாது என்று நினைத்ததால் இன்னும் ஆத்திரம் வந்தது.

"அதை இங்க கொண்டா" என்றாள் நல்லம்மாள்.

காலையிலிருந்து கேட்காத ஒரு குரல் அது.

"அம்மா?"

"தாயோ தகப்பனோன்னுதானே போட்டிருக்குன்னு சொன்ன? எங்க போடணும்னு காட்டு."

"நல்லம்மா! உனக்கு என்ன தெரியும் இதுல?" என்றார் ரெங்கசாமி.

"எனக்கு என்ன தெரியும்? ஒண்ணும் தெரியாது. பிளஸ்ஸும் தெரியாது, மைனஸ்ஸும் தெரியாது." நல்லம்மாள் மேசை முன்னால் உட்கார்ந்தாள். "அவ மட்டும் ஓடிப்போய் அந்த பிளக்கைப் புடுங்கலைன்னா, இந்நேரம் இந்த வீட்ல என்ன நடந்திருக்கும்னு மட்டும் தெரியும். பொண்ணு பாக்க வந்தவங்களே துக்கமும் கேட்டுட்டுப் போயிருப்பாங்க. பேனாவைக் கொடுடி."

ரெங்கசாமி எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். ஜெயராஜ் தரையைப் பார்த்தான்.

ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் படித்த எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டு நல்லம்மாள் தன் பெயரை எழுதினாள். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று. சந்திரகலா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். இந்தத் தடவை அதை நிறுத்த அவள் முயலவில்லை.

அப்போது வாசலில் காடிச் சத்தம் கேட்டது. போன வெள்ளைக் காடி திரும்பி வந்து நின்றிருந்தது. வள்ளியம்மாவைக் காணவில்லை. வழியில் இறக்கிவிட்டிருக்க வேண்டும்.

இறங்கியது வாசு இல்லை. அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தங்கமணியம்மாள் தனியாக இறங்கிக் கேட்டருகே வந்தாள். எழுந்து ஓடிய ரெங்கசாமியைக் கையமர்த்தினாள்.

"நீங்க இருங்க. நான் உங்ககிட்ட பேச வரல. இந்த வீட்ல உண்மை பேசினது பொண்ணு மட்டும்தான். அவகிட்ட ரெண்டு வார்த்தை கேக்கணும். தனியா."

ரெங்கசாமி மகளைப் பார்த்தார். போ என்பதா, போகாதே என்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

சந்திரகலா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மை காயாத படிவத்தைக் கையில் பிடித்தபடி, அவர் சொல்லும்வரை காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினாள்.